இருநூறு வார்த்தைக்குள் தொப்பம்பட்டி

சேசு மரி சூசை துணை

தொப்பம்பட்டி
9-10-1961

அன்புள்ள நர்கீசுக்கு சகாயராணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உன் சுகமும், பாரூக் அண்ணன் சுகமும், உன் மாமியின் முழங்கால் சுகமும் அறிய ஆசை. குட்டி லத்தீபைப் பிறந்த வாரம் பார்த்தது. இப்போது நாலு மாதம் ஆகியிருக்கும். எடை என்ன இருக்கிறான்?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நான் இங்கே ஹெல்த் விசிட்டராக வந்த பிறகு மதுரையிலிருந்து ஓர் எடை மிஷினை இரவலாகக் கொடுத்தார்கள். ஏறி நின்றால் முள் நகரும். அதை வைத்துக்கொண்டு வியாழக்கிழமைதோறும், சந்தைக்கு வருகிற தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கு எடை பார்த்து வருகிறேன். பிள்ளை இளைப்பது முகத்தில் தெரிவதற்கு வெகு முன்னாலேயே முள்ளில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்து பிழைத்த பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு.

இப்போது மிஷினைத் திரும்பக் கேட்கிறார்கள். மார்ச்சில் மதுரையில் நர்சுகள் கூட்டம். அவரவர் செய்த வேலையை இருநூறு வார்த்தைக்குள் சுருக்கி ஜனவரி முடிவதற்குள் அனுப்ப வேண்டும். தேறுகிற சுருக்கத்தைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். அந்த வேலை தொடரும். தேறாவிட்டால் மிஷின் லாரி ஏறிவிடும். இந்த வருஷம் தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லிவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சுருக்கி எழுத உட்கார்ந்தேன், பதினான்கு பக்கம் வந்துவிட்டது. கூடவே வைத்திருக்கிறேன். நீ பி.ஏ. படித்தவள். உன் கையால் வெட்டிக் கொடு.

உன் ராணி

786

நாகல் நகர், திண்டுக்கல்
6-11-1961

அன்புத் தோழி ராணிக்கு, உன் மீதும் உன்னைச் சேர்ந்தவர்கள் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். மாமிக்கு வலது முழங்கால் தேவலை, இடது முழங்கால் ஆரம்பித்திருக்கிறது.

பதில் தாமதம். காரணம், லத்தீப் தும்மினான். ஒரு தும்மல்தான். அடுத்ததற்காக நாலைந்து நாள் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. வராததுதான் எனக்குக் கூடுதல் பயமாகிவிட்டது.

உன் பதினான்கு பக்கத்தையும் படித்தேன். முதல் மூன்று பக்கம் பழனி பஸ் ரிப்பேரானது. அதற்குப் பிறகு மூக்காயி என்பவளின் ஆடு உள்ளே நுழைந்து பஞ்சுச் சுருளைத் தின்றது. அது செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினால், கம்பவுண்டர் சுருளிவேலுக்கும் ஒரு எலிக்கும் நடந்த விவகாரம். முதல் குழந்தை வருவது ஒன்பதாம் பக்கத்தில். உன்னைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார், "என்னத்தப் படிச்சு இம்புட்டுச் சிரிக்கிறே?" என்று. நர்சுகள் கூட்டத்துக்கு என்றேன். "நர்சுகளும் சிரிக்கட்டுமே" என்றார்.

நான் புதிதாகவே ஒன்று எழுதிவிட்டேன். வார்த்தைகளை எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருநூறு. லத்தீப் நன்றாகச் சிரிக்கிறான்.

வஸ்ஸலாம்.
நர்கீஸ்

தொப்பம்பட்டி
20-11-1961

அன்புள்ள நர்கீசுக்கு, தேவதாய் துணையால் இங்கே எல்லாரும் நலம். ஆடும் நலம்.

நீ எழுதியதை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டினேன். "பார் போற்றும் பாரதத் திருநாட்டில், வான் முட்டும் பழனி மலை தாலாட்ட, அன்னையர் குலம் அருள் சுரக்கும் தொப்பம்பட்டியிலே" என்கிற வரைக்கும் படித்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்கள். சுருளிவேல் நிஜமாகவே ஒரு பிரதி கேட்கிறார். அவர் அக்கா மகளுக்குத் தை மாதம் முகூர்த்தமாம். வாழ்த்து மடலுக்கு இரண்டு பெயரை மாற்றினால் போதுமாம். கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் தமிழ் தேன்தான். ஆனால் நூற்றெண்பது வார்த்தை போன பிறகும் ஒரு பிள்ளைகூட மிஷினில் ஏறவில்லையே. நானும் ரோஷத்தில் ஒன்று எழுதினேன்: "பிள்ளைகள் எடை பார்க்கப்பட்டனர். தாய்மார் வருகின்றனர். நிலைமை திருப்தி." டாக்டரம்மா அதையும் படித்துவிட்டு, இதைப் பார்த்தால் உடனே புறப்பட்டு வரச் சொல்லும் தந்தி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மிஷினை எடுத்துப் போக வண்டி எப்போது வேண்டும் என்று மதுரையிலிருந்து இப்போதே காகிதம் வந்துவிட்டது. நான் அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், என்னவோ மூடி வைத்தால் மறந்துவிடுவார்கள் என்பதுபோல.

சிரிக்கிறான் என்று எழுதியிருந்தாய், நல்லது. நான் கேட்டது எடை. ஆறாம் மாதம் பிறக்கப் போகிறதே, குழைந்த சோறு ஆரம்பிக்க வேண்டும், தெரியுமா?

ராணி

786

நாகல் நகர்
15-12-1961

பிரியமுள்ள ராணிக்கு, நாங்கள் இங்கே இறைவன் புண்ணியத்தில் இருக்கிறோம், நீயும் அவ்வாறே இருக்க வேண்டும்.

மறுபடியும் தாமதம். அவர் மதுரையிலிருந்து பிள்ளை வளர்ப்புப் புஸ்தகம் ஒன்று வாங்கி வந்தார். அதில் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடிய பொருள்கள் என்று ஓர் அத்தியாயம். படித்து முடிக்கும்வரை வீட்டில் யாரையும் வேர்க்கடலை உரிக்க விடவில்லை. எங்கள் தோல் மண்டியில் இருந்து வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளை பக்கத்தில் வருவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று நான் சட்டம் போட்டதில், மாமனார் இரண்டு நாளாக வாசலிலேயே நின்று பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் விஷயத்துக்கு எனக்கு வழி கிடைத்துவிட்டது. நேற்று எதிர்வீட்டு ஆரிபா தன் நாத்தனார் வீட்டுச் சண்டையைச் சொல்ல வந்தாள். அவள் வாயைத் திறந்தால் அஸர் தொழுகைக்கு ஆரம்பித்தது மஃரிப் தொழுகைக்கும் முடியாது. மாமிக்கு முழங்கால் வலி, பொறுமையில்லை. "இந்தாத்தா, எதுக்குப் போனே? போயி என்ன செஞ்சே? என்ன ஆச்சு? இப்ப என்னாங்கறே?" என்று கேட்டார். ஆரிபா நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டு, தனக்கே திகைத்துப்போய் எழுந்து போனாள். ராணி, சுருக்கம் என்றால் அதுதான். நான் மூன்று வருஷம் மதுரையில் படித்தது வீண்.

உன் பதினான்கு பக்கத்தையும் அந்த நாலு கேள்வியின் கீழே பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எதற்கு என்பது இருக்கிறது. என்ன செய்தாய் என்பது பாதி இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறாய் என்பதும் இருக்கிறது, மிஷின் வேண்டும் என்கிறாய். என்ன ஆச்சு என்பதன் கீழே ஒரு வரிகூட இல்லை. ஆட்டுக்கு என்ன ஆயிற்று, எலிக்கு என்ன ஆயிற்று, எல்லாம் எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் எவ்வளவு எடை ஏறினார்கள் என்று மட்டும் எழுதவில்லை. உடனே எழுது.

லத்தீப் என் வளையலைப் பிடித்து இழுக்கிறான், நல்ல பிடி.

நர்கீஸ்

தொப்பம்பட்டி
27-12-1961

அன்புள்ள நர்கீசுக்கு, பாலன் பிறந்த நாளின் ஆசீர் உன் வீட்டுக்கும் ஆகட்டும்.

இங்கே குடில் ஜோடித்தேன். மூன்று ராஜாக்களில் ஒருவர் உடைந்துவிட்டார். அவர் இடத்தில் சுருளிவேல் ஒரு மருந்துப் புட்டிக்குத் தலைப்பாகை கட்டி நிறுத்திவைத்தார். ஊரே வந்து பார்த்தது. உன் மாமியின் நாலு கேள்வியை டாக்டரம்மாவிடம் சொன்னேன், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். இப்போது நோயாளிகளையும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

கேக் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு அப்புறம் எழுதுகிறேன்.

லத்தீப் எடை என்ன?

ராணி

786

நாகல் நகர்
8-1-1962

ராணிக்கு நர்கீஸ். நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, நலமாக இரு.

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கேக்கும் ராஜாவும் எழுதுகிறாய், கேட்டதை எழுத மாட்டேன் என்கிறாய். எதையோ மறைக்கிறாய். பிள்ளைகள் தேறவில்லையா? தேறவில்லை என்றால் என்னிடம் சொல்ல என்ன வெட்கம்? என்ன ஆயிற்று என்று சொல்லாத சுருக்கத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்? அவரும் கேட்டுவிட்டார், "ஒன் சிநேகிதி மிஷினைக் காப்பாத்தப் பாக்குதா, தொலைக்கப் பாக்குதா?" என்று.

பிள்ளை சுகம்.

நர்கீஸ்

தொப்பம்பட்டி
12-1-1962

அன்புள்ள நர்கீசுக்கு,

பிள்ளைகள் தேறினார்கள். சொல்ல முடியாததுதான் சங்கடம். கேள்.

மிஷின் வந்த புதிதில் இரண்டே பேர்தான் வந்தார்கள். கைக்குழந்தையைத் தராசில் வைத்து எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு பட்டுவிடும் என்று மற்றவர்கள் சந்தைப் பாதையையே மாற்றிக்கொண்டார்கள். மூக்காயி பிள்ளை அப்போது வெறும் தோலாக இருந்தது. அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவள் யோசித்துவிட்டு, "ஏனுங்க நர்சம்மா, என்னைய நிறுங்க. நான் கழுதை, எனக்கு ஆரு கண்ணு வைக்கப் போறா? புள்ள எங்கையில சும்மா இருக்கட்டும்" என்றாள். பிள்ளையோடு ஏறினாள். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருந்த பழனியம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினாள். பிள்ளையை யாரும் நிறுக்கவில்லை. கழித்தல் கணக்கு என் மண்டைக்குள். அந்த எண் என் வாயிலிருந்து எந்தக் காலத்திலும் வெளியே வராது என்று செபஸ்தியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் கும்பிடுகிற சாமி மேல் செய்தால்தான் சத்தியமாம். அதற்குப் பிறகுதான் எல்லாரும் வந்தார்கள். எல்லாருக்கும் அதே சத்தியம்.

இப்போது அதை மதுரையில் மைக் வைத்து வாசிக்கச் சொல்கிறாய். மிஷின் போனால் பிள்ளைகளுக்கு ஆபத்து. சொன்னால் தாய்மார் போய்விடுவார்கள். வெறும் மிஷினை வைத்துக்கொண்டு நான் என்னை நிறுத்துக்கொள்வதா?

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு கேள்விக்கு பதில் சொல்லவில்லை என்று கோபித்தாய். நானும் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ராணி

786

நாகல் நகர்
17-1-1962

பிரியமுள்ள ராணிக்கு, ஸலாம். இந்தத் தடவை தாமதமில்லை பார்.

உன் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொம்பளைக சொல்றது நியாயந்தானே" என்றார். நான் படித்தவள், அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

எனக்குத் தோன்றியது இது. கண்ணேறு ஒரு பிள்ளை மேல்தான் விழும். எல்லாப் பிள்ளைகள் ஏறிய எடையையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டால்? அந்த எண் யார் பிள்ளையும் அல்ல. மதுரையில் இருக்கிறவர்களுக்கு வேண்டியதும் அந்த ஓர் எண்தான். மூக்காயி பிள்ளையின் எடை யாருக்கு வேண்டும்? சத்தியம் வாங்கியவர்களிடமே கேட்டுப் பார்.

குளிர் காலம், லத்தீபை வெளியே எடுப்பதில்லை.

நர்கீஸ்

தொப்பம்பட்டி
29-1-1962

அன்புள்ள நர்கீசுக்கு, புத்திசாலி நீ, சுகமாக இரு.

சந்தை நாளில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். ஒரே சத்தம். மூக்காயிதான் முதலில் ஒத்துக்கொண்டாள். "மொத்தமாச் சொன்னா எந்தப் புள்ளையப் புடிக்கறதுன்னு கண்ணுக்கே தெரியாதுங்க" என்றாள். பழனியம்மாளுக்குத்தான் ஆற்றாமை. அவள் மகன் சந்தைப் பூசணிக்காய் மாதிரி இருப்பான். "எம்மவன் சதைய ஊருக்கெல்லாம் பங்கு வெச்சுட்டீங்களேங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "ஆமா, ஒம்மவன் பேரைப் போட்டு மதுரையில வெளம்பட்டும், ராத்திரியே காய்ச்சல் வருதா இல்லையா பாரு" என்று மூக்காயி சொன்னதும் அடங்கிவிட்டாள்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். அப்போது மூக்காயி புதிதாக ஒன்றைக் கிளப்பினாள். "அம்புட்டும் நல்லதாவே இருக்குதுங்களே. அந்தக் காயிதத்துக்கே கண்ணு பட்டுருமுங்க. கன்னத்துல ஒரு கருப்புப் பொட்டு வெச்சுருங்க." மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள், பொட்டில்லாமல் அனுப்பக் கூடாது என்று. மை வைத்தா அனுப்ப முடியும்? நர்கீஸ், என்னிடம் ஒரு பொட்டு இருந்தது. நான் விட்டுவிடலாம் என்று இருந்தேன். அதை எழுதிவிட்டேன். "தோத்ததை யாராச்சும் எழுதுவாங்களா?" என்று டாக்டரம்மாவுக்குக் கோபம். தபால் போய்விட்டது. இதுதான்:

"கைக்குழந்தையை எடை பார்த்தால் கண்ணேறு படும் என்று எங்கள் பகுதித் தாய்மார் வருவதில்லை. ஆகவே குழந்தையை எடை பார்க்கவில்லை. தாயைக் குழந்தையோடு ஒரு முறையும், இறக்கிவிட்டு ஒரு முறையும் எடை பார்த்தோம். கழித்து வந்த எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. எடை ஏறாத பிள்ளையின் தாய்க்கு, குழைந்த சோறும் பருப்பும் ஊட்டும் விதத்தைத் தனியே காட்டினோம். முன்பு இருவர் வந்த இடத்தில் இப்போது நாற்பத்தொரு தாய்மார் வருகிறார்கள். ஒரு வருஷத்தில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இருநூற்று நாற்பது ராத்தல் ஏறியிருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் ஏறவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எடை தெரிந்தால், முகம் வாடுமுன் பிள்ளையைக் காப்பாற்றலாம். எண்ணை வெளியே சொல்லாமலும் அதைச் செய்யலாம்."

இருநூறுகூட ஆகவில்லை. உன் மாமியிடம் வாசித்துக் காட்டு.

ராணி

தொப்பம்பட்டி
20-3-1962

அன்புள்ள நர்கீசுக்கு, நோன்பு முடிந்து பெருநாளும் கொண்டாடியிருப்பீர்கள். எல்லாருக்கும் என் வாழ்த்து. உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை, நோன்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷின் இங்கேயே இருக்கிறது.

மதுரையில் எனக்கு முன்னால் வாசித்தவர்களின் ஊர்களில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் கொழுகொழு, எல்லாத் தாய்மாரும் சொன்னபடி கேட்டார்கள். என் முறை வந்தது. "மூன்று பிள்ளைகள் ஏறவில்லை" என்று வாசித்ததும் பின்வரிசையில் பேச்சு நின்றது. தலைமை தாங்கிய பெரிய டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னைக்குக் காலையில இருந்து இப்பத்தான் நிஜமான பிள்ளைங்க கண்ணுல படுறாங்க" என்றார்கள். தோற்றதைச் சொல்கிறவர் ஜெயித்ததாகச் சொல்வதையும் நம்பலாம் என்று வேறு சொன்னார்கள். அந்த மூவர் யார் யார் என்று கேட்டார்கள். சொல்ல அனுமதி இல்லை என்றேன். கோபிக்கவில்லை. ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருஷம் மிஷினை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பொட்டு வைத்தது தான்தான் என்று மூக்காயி சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். பழனியம்மாள், மதுரையில் தன் மகனைப் பற்றி என்ன பேசினார்கள் என்று என்னைத் தினமும் கேட்கிறாள்.

இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. நீயாக எழுதினால் போதும்.

ராணி

786

நாகல் நகர்
2-4-1962

ராணி,

மிஷின் தங்கியது கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்.

உன் சுருக்கத்தை அவர் வாய்விட்டுப் படித்தார். "ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்ற இடத்தில் மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு லீவு. தோல் நிறுக்கிற பெரிய தராசை அவர் துடைத்துக் கொடுத்தார். மாமியும் அந்த முழங்காலோடு வந்தார். நான் பிள்ளையோடு ஏறினேன். அப்புறம் மாமி அவனை வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். "நான் ஒண்ணும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே நின்றார். படிக்கல்லைப் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறக்கப் போனார். "வாயத் தொறந்தே, பெத்த மகன்னு பாக்க மாட்டேன்" என்றார் மாமி.

நானும் அவனும் சேர்ந்து நூற்று நாலு ராத்தல். நான் மட்டும் தொண்ணூறு.

சோறு இன்னும் கொடுக்கவில்லை. ஒரு தடவை கொடுத்தேன், புரையேறியது. அதற்குப் பிறகு சோற்றுக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எண்ணை எனக்கு எழுதாதே. நான் கழித்துப் பார்க்கவில்லை. வர வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் எழுது.

நர்கீஸ்

தொப்பம்பட்டி
4-4-1962

என் நர்கீசுக்கு,

உன் கடிதம் வந்ததும் மூக்காயி வீட்டுக்குப் போனேன். அவள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்லில் ஒரு தாய் பயந்துபோய் இருக்கிறாள், அவளுக்கு மட்டும் உன் பிள்ளை முதல் நாள் இருந்த எடையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கையில் இருந்த வெங்காயத்தின் மண்ணைத் தட்டினாள். பிறகு, "அந்தப் புள்ளைக்கோசரம்னா சொல்லுங்க. மொட்டையா எண்ண மட்டும் எழுதிறாதீங்க, இவன் இப்ப எப்படி இருக்கான்னும் சேர்த்து எழுதுங்க" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். மூக்காயி மகனுக்கு அன்று லத்தீபின் இப்போதைய வயதுதான். எடை பன்னிரண்டு ராத்தல்.

இன்று அவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணோடு ஒரு வெங்காயத்தைக் கடித்துவிட்டு, காரத்தில் முகம் சுளித்து, மறுபடியும் கடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கப் போனால் கத்துகிறான்.

சந்தை நாள் வரைக்கும் பொறுக்க வேண்டாம். இதைப் படித்ததும் பாரூக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வா. முதல் கவளம் நான் ஊட்டுகிறேன், நீ பார்த்துக்கொண்டிரு. இரண்டாவது கவளம் உன் கையால். புரையேறினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

ராணி